என் மானத்தைக் காக்க என் கணவரைப் பூட்ட வேண்டாம்

காவிரிப் படுகையில் முதியோர் இல்லம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் முதியோர் இல்லங்கள் நடத்தும் நிர்வாகிகளுக்கும், அங்கே வேலை பார்க்கும் நர்சுகள், ஆயாக்கள், மேற்பார்வையாளர்களுக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவருடைய இல்லத்தில் என் வீட்டுக்காரர் இருக்கிறார். எந்த இல்லம் என்று சொல்லப் போவதில்லை. நேரத்துக்குச் சோறு போடுகிறார்கள், துணி துவைத்துத் தருகிறார்கள், படுக்கை சுத்தமாக இருக்கிறது. அவர்களைச் சந்தியில் நிறுத்துவது என் நோக்கமில்லை. ஆனால் அங்கே நடந்தது மற்ற இல்லங்களிலும் நடக்கிறது என்று, பார்க்க வரும் குடும்பத்தார் பேசிக்கொள்வதிலிருந்து தெரிகிறது. ஆபீஸ் அறையில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். "நாங்க பாத்துக்கறோம்மா, நீங்க கவலைப்படாதீங்க" என்று காபி கொடுத்து அனுப்பினார்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறதி நோயோடு உங்களிடம் இருக்கும் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டால், இரண்டு பேருக்கும் அது பிடித்திருக்கிறது என்றால், அவர்களைப் பிரிக்காதீர்கள். முக்கியமாக, என்னைக் காரணம் காட்டிப் பிரிக்காதீர்கள். நான் அவருடைய மனைவி.

என் வீட்டுக்காரர் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்தவர். சம்பா அறுவடைக் காலத்தில் களம் முழுக்க நெல் குவிந்து கிடக்கும், விவசாயிகள் நாலு பக்கமும் நின்று சத்தம் போடுவார்கள், இவர் நடுவில் உட்கார்ந்து 40 கிலோ சிப்பங்களை ஒன்றுகூடத் தப்பாமல் எண்ணி எழுதுவார். 53 வயதில் அந்தக் கணக்கு இடிக்க ஆரம்பித்தது. ஈரப்பதம் 17 என்று கருவி காட்டும். இவர் 71 என்று எழுதுவார். ஒரே விவசாயிக்கு இரண்டு தடவை பட்டியல் போடுவார். மூட்டைக்கு இவ்வளவு என்று எப்போதும் பேச்சு அடிபடுகிற இடம் அது. அங்கே கணக்குத் தப்பினால் கை நீட்டிவிட்டான் என்றுதான் ஊர் முதலில் சொல்லும். சொன்னது. அப்புறம் குடிக்கிறான் என்றார்கள். அதற்கும் அப்புறம் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள்.

தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவர்தான் உண்மையைக் கண்டுபிடித்தார். முதலில் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டும் பார்த்தார். அவற்றால் வருகிற மறதி என்றால் சரிசெய்துவிடலாமாம். அதெல்லாம் இல்லை என்றான பிறகு மூளை ஸ்கேன் எடுத்து, இளவயதிலேயே வருகிற அல்சைமர் என்றார். 65 வயதுக்கு முன்னால் தொடங்கினால் அப்படிக் கணக்கு. கிழவர்களுக்குத்தானே டாக்டர் இது வரும் என்று கேட்டேன். இந்த நோய் முதன்முதலில் விவரிக்கப்பட்டதே கிழவர் அல்லாத ஒருவரிடம்தான் என்றார். 1901-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவுகுஸ்டே டேட்டர் என்ற பெண்ணுக்கு அப்போது 51 வயது. அவரைப் பரிசோதித்தவர்தான் அலோய்ஸ் அல்சைமர்.

எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இந்த வயதுதான் பெரிய இடைஞ்சல். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம், 60 ஆனவரைத்தான் மூத்த குடிமகன் என்கிறது. மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது அமைக்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்வதும் அவர்களுக்காகத்தான். இந்தியாவில் 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா (அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்கள்) இருக்கும் என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. என் வீட்டுக்காரருக்கு அப்போது அறுபது ஆகவில்லை. அந்தக் கணக்கில் அவர் வரவே மாட்டார். 57 வயதில் அவருக்கு இடம் தேடியபோது, பல இடங்களில் ஆதார் அட்டையைப் பார்த்தே திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஓர் இல்லம் கூடுதல் கட்டணத்துக்குச் சேர்த்துக்கொண்டது. சரி என்றேன். நான் பள்ளிக்கூட வேலைக்குப் போனால்தான் அந்தக் கட்டணமே வரும், வீட்டில் அவரைத் தனியே பூட்டிவிட்டும் போக முடியாது.

அங்கே இருந்தவர்கள் முக்கால்வாசி எண்பதைத் தொட்டவர்கள். இவருக்கோ உடம்பில் ஒரு குறையும் கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தால் நான் பின்னால் ஓட வேண்டும். அப்படிப்பட்டவரை நாள் முழுக்க டிவிக்கு முன்னால் உட்கார வைத்தால் என்ன செய்வார்? வாசல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். களத்துக்கு நேரமாச்சு, லாரி வந்துவிடும் என்பார்.

அந்த அம்மா வந்த பிறகுதான் அது நின்றது.

அவருக்கும் அறுபதுக்குள்தான் இருக்கும். அவருக்கும் இதே நோய். பூக்கட்டிப் பிழைத்த குடும்பம். பேச்சு அநேகமாகப் போய்விட்டது, விரல் மட்டும் மறக்கவில்லை. மரிக்கொழுந்தும் கனகாம்பரமும் வாழைநாரும் கொடுத்தால் தஞ்சாவூர்க் கதம்பம் கட்டிவிடுவார். பூ இல்லாத நாளில் வெறும் நாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். கை பழகிய வேலை இந்த நோயில் ரொம்ப நாள் தங்கும் என்று மருத்துவரும் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து நாரைக் கிழித்துக் கிழித்து நீட்டுவார். கட்டி முடித்த சரத்தை எண்ணுவார். "பதினேழு" என்பார். அடுத்த சரமும் பதினேழுதான். அந்த அம்மா மறுக்காமல் தலையாட்டுவார். ஈரப்பதக் கணக்கு இப்படி ஒரு நல்ல இடத்துக்கு வந்து சேர்ந்ததே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அம்மாவின் முகத்தில் விழுந்த முடியை அவர் ஒதுக்கிவிடுவதைப் பார்த்தேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்கு அப்படி ஒரு தடவை ஒதுக்கிவிட்டதில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் பெண்டாட்டி பக்கத்தில் உட்காரவே கூச்சப்படுகிற மனிதர். அந்தக் கூச்சத்தையும் நோய் எடுத்துக்கொண்டு போய்விட்டது போல. என்னை அவர் இப்போது "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார். மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார். சாப்பிட்டீங்களா டீச்சர் என்று கேட்கிறார். எனக்கு உரியதை அந்த அம்மா பறித்துக்கொள்ளவில்லை. அந்த அம்மா இந்த இல்லத்துக்கு வருவதற்கு முன்பே நான் டீச்சர் ஆகிவிட்டேன்.

உலகத்தில் எனக்கு மட்டும் நடந்ததும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரின் கணவர் ஜானுக்கும் அல்சைமர். அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றே பதவியை விட்டு விலகினார், 2006-இல். கடைசியில் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. அங்கே ஜான் இன்னொரு பெண்மணியோடு காதலில் விழுந்தார். 2007-இல் அவர்களுடைய மகனே தொலைக்காட்சியில் அதைச் சொன்னார். அப்பா நிம்மதியாக இருப்பதைப் பார்த்து அம்மாவுக்குச் சந்தோஷம்தான் என்றார். நீதிபதி அம்மாவின் பெரிய மனசு எனக்கு முழுசாக வாய்க்கவில்லை. பாதி வாய்த்திருக்கிறது. இந்தக் கடிதம் எழுத அது போதும்.

பிரித்தது எப்படி என்று சொல்கிறேன். அந்த அம்மாவின் பிள்ளைகள் வந்தபோது இருவரும் கைகோத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு என்ன நோய் என்று அவர்கள் கேட்கவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்றுதான் கேட்டார்கள். நம் பக்கத்தில் தெருவைக் கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று சாயங்காலமே அந்த அம்மாவை மாடிக்கு மாற்றிவிட்டு, மாடிப்படிக் கிரில் கதவில் பூட்டுப் போட்டார்கள். எனக்குப் போன் வந்தது. "உங்க மரியாதைக்காகத்தாம்மா இப்படிச் செஞ்சோம்."

என் மரியாதையை நான் யாரிடமும் ஒப்படைக்கவில்லையே!

பொழுது சாயும் நேரம் இந்த நோயாளிகளுக்குப் பொல்லாத நேரம் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாலு மணியானால் இவர் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். பெயர் தெரியாது, அதனால் கூப்பிடவும் முடியாது. சாப்பாடு குறைந்தது. பிறகு மாத்திரை வந்தது. அடுத்த ஞாயிறு போனபோது வாயோரம் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தார். "இப்ப அமைதியா இருக்காரும்மா" என்றார் ஆயா, நல்ல மனசோடுதான். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மனநோய்க்கான சில மாத்திரைகளைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே மருந்தின் தகவல் தாளில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கச் சொல்லியிருக்கிறது. சில நேரம் அந்த மாத்திரை தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆனால் நாமே ஒருவரைத் தவிக்க விட்டுவிட்டு, அந்தத் தவிப்புக்கு மாத்திரை கொடுப்பது எந்த வைத்தியம்?

"ரெண்டு நாள்ல மறந்துடுவாரும்மா" என்றும் சொன்னார்கள். இந்த வாக்கியத்தை நீங்கள் எல்லோரும் ஏதாவது ஒரு குடும்பத்திடம் சொல்லியிருப்பீர்கள். 2014-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அல்சைமர் உள்ளவர்களுக்கு அழவைக்கும் படக்காட்சிகளையும் வேறொரு சமயம் சிரிக்கவைக்கும் காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் என்ன பார்த்தோம் என்பது அவர்களுக்கு அநேகமாக மறந்துபோனது. ஆனால் அந்தத் துக்கமும் சந்தோஷமும் அதற்குப் பிறகும் நீடித்தன. காட்சி குறைவாக நினைவிருந்தவர்களுக்குத் துக்கம் இன்னும் கூடுதலாகவே நின்றதாம். காரணம் தெரியாமல் அழுவது காரணம் தெரிந்து அழுவதைவிடக் கொடுமை. என் வீட்டுக்காரருக்கு அந்த அம்மாவின் முகம் மறந்திருக்கலாம். எதையோ இழந்தோம் என்பது மறக்கவில்லை.

இந்த இடத்தில் திருக்கடையூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமீபத்தில் இவருக்கு அறுபது நிறைந்தது. அறுபதாம் கல்யாணம் பண்ண வேண்டாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே, எதுக்கு வீண் செலவு என்றார்கள். எனக்குத் தெரியும் அல்லவா? அமிர்தகடேசுவரர் சன்னதியில் எத்தனையோ ஜோடிகள் மாலையும் கழுத்துமாகக் கலசத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் உட்கார்ந்தோம். கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றியபோது குழந்தை மாதிரி சிரித்தார். மறுபடி தாலி கட்டும்போது அவருடைய கை நடுங்கியது, அய்யர் பிடித்துக்கொண்டார். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பூவை ஒவ்வொன்றாக உதிர்த்துப் போட்டார். மிச்சமிருந்த நாரை நீவி நீவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் தங்கை பதறிப்போய்ப் பிடுங்கப் போனாள். விடு என்றேன்.

அந்த நாரை யாருக்காக எடுத்து வைத்தார் என்று எனக்குத் தெரியும். கிரில்லுக்குப் பூட்டுப் போட்டு மாதங்கள் ஆன பிறகு இது.

இனி உங்கள் பக்கத்து நியாயங்களுக்கு வருகிறேன். அவை இல்லை என்று நான் சொல்லவில்லை.

முதலாவது, சம்மதம். புத்தி தெளிவில்லாதவர் சம்மதித்தார் என்று எப்படிச் சொல்வது? இது உண்மையிலேயே கஷ்டமான கேள்வி. இதில் ஆபத்தும் இருக்கிறது. பேச முடியாத பெண்ணிடம் ஒருவன் அத்துமீறலாம், அவன் அங்கே தங்கியிருப்பவனாகவும் இருக்கலாம், வேலை பார்ப்பவனாகவும் இருக்கலாம். அதனால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். கை பட்டதும் அந்த அம்மா உடம்பைச் சுருக்குகிறாரா, முகத்தைத் திருப்புகிறாரா, இவர் வரும்போது எழுந்து போகிறாரா, சாப்பாடு தூக்கம் குறைகிறதா? அல்லது இவர் வராவிட்டால் தேடுகிறாரா? குளிப்பாட்டும்போது "வேண்டாம்" என்று ஒருவர் எப்படிக் காட்டுவார் என்பது உங்கள் ஆயாக்களுக்கு அத்துப்படி. அதே கண்ணை இதற்கும் பயன்படுத்தலாம். பக்கத்தில் உட்காருவது, கை பிடிப்பது, சேர்ந்து சாப்பிடுவது வேறு. படுக்கை அறைக் கதவைச் சாத்திக்கொள்வது வேறு. இரண்டாவது வரும்போது மருத்துவரும் குடும்பமும் நீங்களும் உட்கார்ந்து பேச வேண்டும். முதலாவதற்கே பூட்டு எடுப்பது எதற்கு?

நியூயார்க்கில் ரிவர்டேல் பகுதியில் ஹீப்ரூ ஹோம் என்ற முதியோர் இல்லம், தங்களிடம் இருப்பவர்களின் காதலையும் உடல் நெருக்கத்தையும் எப்படி நடத்துவது என்று 1995-லேயே எழுத்தில் விதி வகுத்தது. டிமென்ஷியா உள்ளவர்களையும் சேர்த்துத்தான். அந்த விதியை அப்படியே கும்பகோணத்துக்குக் கொண்டு வரச் சொல்லவில்லை. நம் ஊருக்கு நம் ஊர்ச் சட்டைதான் பொருந்தும். எழுதி வைத்தார்கள் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன். எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில், அன்று சத்தம் போடுகிறவர் சொல்வதுதான் விதி.

இரண்டாவது, தண்ணீர். இதை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால், சில நாளில் கல்லணை தாண்டி நம் பக்கத்து வாய்க்கால் எல்லாம் நிரம்பிவிடும். வீட்டுக்கு வீடு கொல்லையில் வாய்க்கால், தெருவுக்குத் தெரு குளம், படித்துறை. வழி தவறிப் போகிற ஆளுக்கு இதைவிட ஆபத்தான ஊர் கிடையாது. வாசல் கேட்டைப் பூட்டுங்கள், காவலுக்கு ஆள் போடுங்கள், அதற்காகக் கட்டணம் கூட்டினாலும் கொடுக்கிறேன். ஆனால் தரைத்தளத்துக்கும் மாடிக்கும் நடுவில் எந்த வாய்க்கால் ஓடுகிறது?

பூட்டைப் பற்றி இன்னொன்று. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் நினைவாற்றல் பாதிப்பும் உண்டு. அதன் 97-ஆவது பிரிவு, நோயாளியைத் தனிமையில் அடைக்கக் கூடாது என்கிறது. உடம்பைக் கட்டுப்படுத்துவதும், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் அனுமதியோடுதான். நாங்கள் முதியோர் இல்லம்தானே, மனநல நிலையம் இல்லையே என்பீர்கள். மனநோய் உள்ளவரைப் பராமரிக்கத் தங்கவைக்கும் இடங்களும் அந்தச் சட்டத்தின் விளக்கத்துக்குள் வருகின்றன. குடும்பத்தாரின் வீட்டைத்தான் அது விலக்குகிறது. உங்கள் வக்கீலிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். வழக்குப் போடுவேன் என்று மிரட்டவில்லை. எனக்கு அதற்கு நேரமும் இல்லை, காசும் இல்லை.

மூன்றாவது, பிள்ளைகள். கட்டணம் கட்டுகிறவர்கள் அவர்கள், அவர்கள் சொல்வதைத் தட்ட முடியவில்லை என்கிறீர்கள். புரிகிறது. அதனால்தான் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள் என்கிறேன். என்ன சாப்பாடு, பார்க்க வரும் நேரம் என்ன, டயப்பர் யார் வாங்குவது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறீர்களே, அதில் இன்னும் நாலு வரி சேர்க்க முடியாதா? "உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இங்கே யார் மேலாவது பிரியம் வரலாம். அது இந்த நோயில் நடப்பது. அவர்களுக்குத் தொந்தரவு இல்லாதவரை நாங்கள் பிரிக்க மாட்டோம். கவலை வந்தால் மருத்துவரை வைத்து உங்களோடு பேசுவோம்." பிடிக்காத பிள்ளைகள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்படியே, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே வந்தாலும் ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி என்று பிரித்துப் போடும் இல்லங்கள் இருக்கின்றன. எண்பதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூரில் சேர்த்து உட்கார வைத்துவிட்டு, திரும்பி வந்ததும் ஆளுக்கொரு கூடத்துக்கு அனுப்புவது நல்லாவா இருக்கிறது? இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அறுபது ஆகாத நோயாளிகளைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்று உங்களை மட்டும் கேட்டுப் பயனில்லை. அது சமூக நலத்துறைக்குப் போக வேண்டிய மனு, அதைத் தனியே அனுப்பியிருக்கிறேன். ஆனால் சேர்த்துக்கொண்டவர்களுக்குக் கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள். நாற்று விட்டவர், கணக்கு எழுதியவர், கோலம் போட்டவர், தவில் அடித்தவர் என்று எல்லோரும் உங்களிடம் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரரின் அமைதிக்கு ஆன செலவு ஒரு கட்டு வாழைநார்.

அந்த அம்மாவின் பிள்ளைகளிடம் நானே பேசத் தயாராக இருக்கிறேன். அவர்கள் வருகிற நாளை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். அதுவரை, மாலை நாலு மணி முதல் ஆறு மணி வரை மட்டுமாவது, ஆயா ஒருவர் பக்கத்தில் இருக்க, இருவரையும் கூடத்தில் ஒன்றாக உட்கார வைத்துப் பாருங்கள். ஒரு வாரம் பாருங்கள். எந்த நாளில் எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள், எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த அம்மாவுக்கு இஷ்டமில்லை என்று அந்த நோட்டுச் சொன்னால், நானே முதல் ஆளாக என் வீட்டுக்காரரைத் தள்ளி உட்கார வைக்கிறேன்.

ஒன்றாம் தேதி கட்டணம் கட்ட வருவேன். காபி வேண்டாம். பதிலை எழுத்தில் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் இல்லம் ஒன்றில் இருப்பவரின் மனைவி,
மயிலாடுதுறை